சிவப்புக்கு ஒரு வரி, பச்சைக்கு இரண்டு: அம்பாசமுத்திரம் கடைசல் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மரத்தைக் கடைந்து பொம்மைச் சாமான் செய்யும் அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும், பட்டறையில் கூட நின்று அரக்குப் போடும் மதினிமாருக்கும்,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். எட்டு வயதில் ஒரு மகள். எங்கள் வீட்டில் மரச் செப்புப் பெட்டி, அதாவது பிள்ளைகள் சமைத்து விளையாடுகிற குட்டிச் சாமான் பெட்டி, இரண்டு இருக்கிறது. ஒன்று, நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பாபநாசம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் உங்கள் ஊரில் இறங்கி அம்மா வாங்கித் தந்தது. இன்னொன்று, போன வருஷம் சீசன் கடை ஒன்றில் மகளுக்கு நான் வாங்கியது. அது எந்த ஊர்ப் பட்டறையில் செய்தது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. இந்த இரண்டு பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் வேறு சிலதும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குக் கண் தெரியாது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். அப்படிப் பிறக்கிற பிள்ளைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்து 30 நாளுக்குள் கண்ணைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் லேசர் வைத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாமாம். எங்களுக்கு அதை நேரத்தோடு யாரும் சொல்லவில்லை. சரி, அது வேறு கதை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வாள்.

பழைய பெட்டியில் ஓர் அடுப்பு இருக்கிறது. மேலே மூன்று குமிழ் வைத்தது. அதைக் கையில் எடுத்ததும், நான் வாயைத் திறப்பதற்குள், “அடுப்பு” என்றாள். ஆச்சி வீட்டுக் கொல்லையில் வெந்நீர் போடுகிற மண் அடுப்பை, ஆறிக் கிடக்கிற நேரமாகப் பார்த்துத் தடவியிருக்கிறாள். குமிழ் மூன்றையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டு, பானையை எடுத்துத் தானே ஏற்றினாள். புதுப் பெட்டியில் இருப்பது கேஸ் அடுப்பு. சதுரமாக ஒரு பலகை, அதன்மேல் பெயின்ட்டால் இரண்டு வட்டம். திருகுகிற குமிழும் பெயின்ட்தான். “இது என்ன பலகைம்மா?” என்று கேட்டாள். கேஸ் அடுப்பு என்றேன். “பர்னர் எங்க?” விரலைப் பிடித்து வட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்ச நேரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இங்க ஒண்ணும் இல்லையே” என்றாள். நிஜமாகவே அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்த வீட்டில் அவள் வயதில் ஒரு பிள்ளை உண்டு. சாயங்காலம் இரண்டு பேரும் திண்ணையில் செப்பைப் பரப்பிவிடுவார்கள். ஒருநாள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். “ஏட்டி, அந்தச் சிவப்பு டம்ளர எடு” என்றது அந்தப் பிள்ளை. டம்ளர் மொத்தம் நாலு. நாலும் ஒரே உயரம், ஒரே வாய், ஒரே கனம். நிறம் மட்டும்தான் வேறு. என் மகள் நாலையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துவிட்டு, “நீயே எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டாள். அப்புறம்தான் கவனித்தேன், அந்த விளையாட்டில் சமைப்பது, பரிமாறுவது எல்லாம் அந்தப் பிள்ளைதான். இவளுக்குத் தினமும் விருந்தாளி வேஷம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு “நல்லாயிருக்கு” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி ஒரு அரத்தை எடுத்து டம்ளர்களைச் சுற்றி வரி கீறினேன். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, மஞ்சளுக்கு மூன்று. நீலத்தை மொட்டையாகவே விட்டுவிட்டேன். கோணல்மாணலாக, நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். மறுநாள் சாயங்காலம், “சிவப்பு உனக்கு, மொட்டை நீலம் எனக்கு” என்று இவள் பங்கு பிரித்தாள். அந்தப் பிள்ளைக்கு ஆச்சரியம். தானும் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லிப் பார்த்து, இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னது. அந்த வாரமே இவள் கரண்டி பிடித்துவிட்டாள். இப்போது யார் விருந்தாளி என்று இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள்.

நான் உங்களிடம் கேட்பது முக்கியமாக இந்த வரியைத்தான். நான் அரை மணி நேரம் அரத்தோடு மல்லுக்கட்டிய வேலை, சுற்றுகிற மரத்தில் நீங்கள் உளி நுனியை வைத்து எடுத்தால் முடிந்துவிடும். அழகுக்காக வரி போடத்தான் செய்கிறீர்கள். பழைய பெட்டியில் குடத்தின் வயிற்றில், தூக்குவாளியின் கழுத்தில் எல்லாம் வரி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு கணக்கு இல்லை; ஒரு சிவப்பில் இரண்டு, இன்னொரு சிவப்பில் ஒன்றுமே இல்லை. எல்லாப் பட்டறையும் பேசி ஒரே கணக்காக வைத்துக்கொண்டால் போதும். கண் தெரிகிற பிள்ளைக்கு அது அலங்காரம், என் பிள்ளைக்கு அது நிறம். ஒரே பெட்டி இரண்டு பேருக்கும் ஆகும்.

இதற்கென்று “பார்வையற்றோர் பொம்மை” என்று தனியாக எதையும் செய்துவிடாதீர்கள். தனியாகச் செய்தால் வருஷத்துக்குப் பத்துப் பெட்டி போகும், விலை மூன்று மடங்காகும், அடுத்த வீட்டுப் பிள்ளை அதைத் தொடக்கூடத் தொடாது. என் மகளிடம் அந்த மாதிரிப் பொம்மை ஏற்கெனவே ஒரு பீரோ நிறைய இருக்கிறது. எல்லாம் அவள் தனியாக உட்கார்ந்து “கற்றுக்கொள்ள” வேண்டியவை.

இத்தனை பொம்மைக்காரர்கள் இருக்க, உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், மற்றவர்களைவிட நீங்கள்தான் ஏற்கெனவே பாதித் தூரம் வந்திருக்கிறீர்கள். நம் கண்ணுக்குப் பொம்மை என்பது பெரியதைச் சின்னதாக்கியது. தூரத்தில் நிற்கிற யானையே உள்ளங்கை அளவுதான் தெரியும் என்பதால், கண்ணுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. கைக்கு அப்படி இல்லை. என் மகள் கோயில் யானையைத் தொட்டிருக்கிறாள். அவளுக்கு யானை என்றால் சொரசொரப்பான ஒரு சுவர், முள் மாதிரி முடி, உள்ளங்கையில் ஈரமாக வந்து முட்டுகிற மூச்சு. பிறந்தநாளுக்கு யாரோ பிளாஸ்டிக் யானை கொடுத்தார்கள். நாலு காலையும் எண்ணிவிட்டு, “ஸ்டூலா?” என்று கேட்டாள். காரும் அப்படித்தான், விமானமும் அப்படித்தான். நிஜ விமானத்தை எந்தப் பிள்ளை முழுசாகத் தடவிப் பார்த்திருக்கிறது?

செப்பு அப்படி இல்லை. குடம் எவ்வளவு சின்னதானாலும் வயிறு வயிறாக, கழுத்து கழுத்தாக இருக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்த கை, அதே வளைவை இரண்டு விரலுக்குள் கண்டுபிடித்துவிடுகிறது. உரலுக்குள் உலக்கையைப் போட்டால் டொக்கென்று கேட்கிறது. சொளகின் விளிம்பு மூன்று பக்கம் எழும்பி ஒரு பக்கம் திறந்திருப்பதை அவளே தடவித் தெரிந்துகொண்டு, “இந்தப் பக்கமாத்தான் புடைக்கணும்” என்றாள். ஆட்டுக்கல்தான் எல்லாவற்றிலும் ஒசத்தி. குழவியைக் குழிக்குள் விட்டுச் சுற்றினால் மரத்தோடு மரம் உரசி கரகரவென்று ஒரு சத்தம் வரும். முதல் நாள் அரை மணி நேரம் விடாமல் மாவாட்டினாள்.

சத்தம் என்றதும் பாட்டரி பொம்மை ஞாபகம் வந்துவிடும். அது வேண்டாம். பட்டனை அமுக்கினால் ஒரே இங்கிலீஷ் பாட்டு, நாலு மாடுகளின் குரல். கை செய்ததற்கும் காதில் விழுவதற்கும் சம்பந்தமே கிடையாது. கிலுகிலுப்பையை ஆட்டினால் ஆட்டின வேகத்துக்குத்தான் ஒலிக்கும். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் சின்ன இரும்புக் குண்டுகள் போட்டிருப்பதும் அதற்காகத்தான். பந்து உருளுகிற வரை கிலுகிலுவென்று வரும், அதைக் கேட்டு அடிக்கிறார்கள். அந்த ஆட்டத்துக்கு 1998இல் டெல்லியில் உலகக் கோப்பையே நடந்தது. மூடி டக்கென்று உட்கார்வது, தூக்குவாளிப் பிடி ஆடும்போது தட்டுவது, இது மாதிரிச் சத்தம்தான் எங்களுக்கு வேண்டும்.

பந்து நின்றுவிட்டால் ஊமையாகிவிடும். செப்புக்கும் அதே கஷ்டம் உண்டு. கண் தெரியாத பிள்ளையின் கையிலிருந்து ஒன்று நழுவி உருண்டுவிட்டால், அது வேறு இடத்துக்குப் போனதாக அவளுக்குப் படாது. அது இல்லாமலே போய்விட்டது, அவ்வளவுதான். கைக்குழந்தையாக இருந்தபோது, சத்தம் வந்த பக்கம் கை நீட்டவே இவளுக்கு ஒரு வயது ஆகிவிட்டது. கண் தெரிகிற பிள்ளை ஐந்தாறு மாதத்தில் நீட்டிவிடும். டென்மார்க்கில் லில்லி நீல்சன் என்றொரு அம்மா, இந்த மாதிரிக் குழந்தைகளுக்காகச் சின்ன அறை மாதிரி ஒரு பெட்டி செய்தார். குழந்தை உள்ளே படுத்திருக்கும், சுற்றிலும் சாமான்கள் தொங்கும். கை தட்டிவிட்டாலும் ஆடிவிட்டு அதே இடத்துக்கு வந்து நிற்கும். குழந்தை மறுபடி தேடினால் கிடைக்கும். நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு தள்ளினாலும் இருந்த இடத்தை விடாது.

செப்பைக் கட்டித் தொங்கவிட வேண்டாம். பெட்டியின் மூடியையே தட்டு மாதிரி, விளிம்பு எழும்பியதாகச் செய்து, பல்லாங்குழி மாதிரி ஒவ்வொரு சாமானும் உட்கார ஒரு குழி வையுங்கள். குடத்தின் அடியைக் கொஞ்சம் தட்டையாகக் கடையுங்கள். விளையாட்டு முடிந்து எடுத்து வைக்கும்போது எந்தக் குழி காலி என்று அவளுக்கே தெரியும். இப்போது நான்தான் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருக்கிறேன்.

பல்லாங்குழி என்றேன் அல்லவா, அதில் அவள் என்னைத் தோற்கடிக்கிறாள். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியமுத்து. விரல் உள்ளே போய் வருவதற்குள் எண்ணிவிடும். நாலு சேர்ந்ததும் “பசு” என்று கத்துவாள். தாயக்கட்டையும் அப்படித்தான். பித்தளைக் கட்டையில் புள்ளி எல்லாம் குழித்துத்தான் இருக்கும். ஆறு பக்கப் பகடையைத் தொட்டால் புரண்டுவிடும். நீளக் கட்டை தடவினாலும் அசையாது. நம் ஆச்சிமார் இதையெல்லாம் யோசித்துச் செய்திருப்பார்கள் என்று நான் கதை விடமாட்டேன், ராத்திரி விளக்கு இல்லாத திண்ணையில் ஆடியதாலோ என்னவோ, அப்படி அமைந்துவிட்டது. ஆனால் தாயத்துக்குக் கட்டம் சாக்பீஸ் கோடு. அங்கே போய் மாட்டிக்கொள்கிறோம். பார்வையற்றோர் ஆடுகிற செஸ் பலகையில் கறுப்புக் கட்டங்களை உயர்த்தி, ஒவ்வொரு கட்டத்திலும் துளை போட்டு, காயைச் செருகி வைக்கிறார்கள். ஒரு பக்கத்துக் காய்களின் தலையில் மட்டும் ஒரு ஊசி முனை இருக்கும். அதே மாதிரி மரத்தில் ஒரு தாயப் பலகை கடைந்து கொடுத்தால், முதல் பலகையை நான் வாங்கிக்கொள்கிறேன்.

அரக்கைப் பற்றிக் கொஞ்சம். சுற்றுகிற மரத்தில் அரக்குக் கட்டையை ஒத்தி எடுத்ததும் சூட்டில் இளகிப் படிந்து கண்ணாடி மாதிரி மின்னுகிறதே, பார்க்க அவ்வளவு அழகு. கைக்கு எல்லாமே ஒரே வழவழப்பு. கரண்டிப் பிடியையோ குடத்தின் அடியையோ அரக்கில்லாமல் மரமாகவே விட்டால், தலை எது அடி எது என்று தொட்டதும் தெரியும். உங்களுக்கு அரக்கும் கொஞ்சம் மிச்சம். நிறத்தை அதற்காகக் குறைத்துவிட வேண்டாம். கண் தெரியாத பிள்ளைகள் என்று நாம் சொல்வதில் நிறையப் பேருக்குக் கொஞ்சமாவது தெரியும். மகளோடு படிக்கிற ஒரு பையன் எதையும் மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பான். கறுப்பு மேல் மஞ்சள் இருந்தால் சட்டென்று பிடித்துவிடுவான். சிவப்புப் பானைக்குச் சிவப்பு மூடி போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மூடிக்கு எதிர் நிறம் போடுங்கள். இன்னொன்று, என் மகள் புதுச் சாமான் எதையும் முதலில் உதட்டில் வைத்துத்தான் பார்ப்பாள், விரலுக்கு எட்டாத நுணுக்கம் அங்கே தெரிகிறதாம். அதனால் பூச்சில் விஷம் இருக்கக் கூடாது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்குத் தர முத்திரை கட்டாயம் என்று வந்தபோது, பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நல்லதுதான். அந்த விலக்கு இருக்கிறதே என்று யாராவது டப்பா பெயின்ட்டுக்கு மாறச் சொன்னால் கேட்காதீர்கள்.

பிரெய்ல் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் அது கடைசி. எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒருமுறை “பிரெய்ல் கட்டைகள்” என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்ததைப் பார்த்து ஆசையாக வாங்கிவந்தேன். பிரித்தால், ஆறு புள்ளியையும் மையால் அச்சடித்திருக்கிறார்கள். தடவினால் மொழுமொழு. யாருக்காகச் செய்தார்களோ தெரியவில்லை. பிரெய்ல் புள்ளி விரல் நுனிக்கு அடங்க வேண்டும். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த அளவில் மரத்தில் எழுப்புவது உங்களுக்கும் கஷ்டம், தேய்ந்தும் போகும்.

பெரிய கம்பெனிகளும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஒன்றோடொன்று பொருத்துகிற லெகோ பிளாஸ்டிக் கட்டையின் மேல் இருக்கிற குமிழ்களையே பிரெய்ல் புள்ளியாக வைத்தால் என்ன என்று டென்மார்க் பார்வையற்றோர் சங்கம் 2011இல் யோசனை சொன்னது. பிரேசிலில் ஒரு பார்வையற்றோர் அறக்கட்டளையும் பிறகு அதையே சொன்னது. 2023இல் கடைக்கு வந்தது: 287 கட்டை, ஐந்து நிறம், முதலில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். அப்போது விலை ஏறத்தாழ 90 டாலர். கட்டையின் ஓரத்தில் எழுத்தையும் அச்சடித்திருப்பதால் கண் தெரிகிற அண்ணன் தங்கையும் கூட உட்கார்ந்து ஆடலாம். அது எனக்குப் பிடித்தது. தமிழுக்கு அது ஆகாதா என்றால், புள்ளி ஆகும். இந்திய மொழிகளுக்கான நம் பாரதி பிரெய்லில் ‘க’வும் ஆங்கில ‘கே’யும் ஒரே புள்ளிகள், ‘ம’வும் ‘எம்’மும் ஒன்று, ‘ப’வும் ‘பி’யும் ஒன்று. ஓரத்தில் அச்சடித்த எழுத்துதான் வேறாக இருக்க வேண்டும். நான் முட்டை அட்டையில் ஆறு குழியை வெட்டியெடுத்து, கோலிக்குண்டு போட்டுத்தான் இவளுக்கு எழுத்து பழக்கினேன். ஆறு குழி வைத்த ஒரு மரக்கட்டை, குழிக்குப் பொருந்துகிற ஆறு குண்டு, ஓரத்தில் எழுத்து எழுதிய சில்லுகள்: கடைசலுக்கு இது ஒரு வேலையா?

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. பிளாஸ்டிக் செட்டு வந்து பாதி வியாபாரத்தைத் தின்றுவிட்டது, மரம் விலை ஏறிவிட்டது, பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன் என்கிறார்கள். இந்த நேரத்தில் இவள் வேறு வந்து வரி போடு, குழி வெட்டு என்கிறாளே என்று தோன்றும். அதனால்தான் கூலி ஏறாத காரியமாகப் பார்த்துக் கேட்கிறேன். தட்டும் தாயப் பலகையும் கூடுதல் வேலைதான், அதற்கு விலை வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைத்த பொருட்களைச் செய்யவும் பரப்பவும் அரசு ஊக்கம் தர வேண்டும் என்று 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அங்கன்வாடிக்கு வாங்குகிற விளையாட்டுச் சாமானில் இந்தப் பெட்டியையும் சேர்த்தால், பட்டறைக்கும் வேலை கிடைக்கும்.

எங்கள் ஊரில் பார்வையற்றோர் பள்ளி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அங்கிருந்து சேரன்மகாதேவி வழியாக உங்கள் ஊருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு பட்டறையில் இந்தப் பிள்ளைகள் யாரையாவது உட்கார வைத்து, “இது எப்படி இருக்கு, சொல்லு” என்று யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. நான் இங்கே எழுதியதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்வது. எனக்குக் கண் தெரியும், அதனால் எனக்குத் தப்பிப்போனது நிறைய இருக்கும்.

முழுப்பரீட்சை லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மூக்குக்கு நேரே வைத்துப் பார்க்கிற அந்தப் பையனும் வருகிறேன் என்கிறான். உளிக்குப் பக்கத்தில் விடமாட்டேன், பயப்பட வேண்டாம். அரக்குப் போடுவதற்கு முன்னால், வெறும் மரமாக இருக்கும்போதே நாலு சாமானை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். சரியில்லை என்றால் இரண்டும் முகத்துக்கு நேரே சொல்லிவிடும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்று மட்டும் சேர்த்து எழுதச் சொல்கிறாள். ஆட்டுக்கல்லில் கைவைக்க வேண்டாமாம். அது சரியாகத்தான் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அம்மா